சாம்பிளிங் என்றால் என்ன? புதிதாகவே வாசித்துக்கொள்ளலாமே?

ஏற்கெனவே பதிவான ஒலியில் ஒரு துண்டை வெட்டியெடுத்து, வேகத்தை மாற்றியோ திரும்பத் திரும்ப ஓடவிட்டோ புதுப் பாட்டில் சேர்ப்பதுதான் சாம்பிளிங். பக்கத்து வீட்டு அக்காவிடம் பக்குவம் கேட்டு நாமே குழம்பு வைத்தால் அது கவர் (பிறர் பாட்டை நாமே பாடி, வாசித்துப் பதிவுசெய்வது), அவர் வைத்ததிலேயே ஒரு கரண்டி வாங்கி நம் சட்டியில் ஊற்றினால் சாம்பிளிங்.

சரி, ஏன் புதிதாக வாசிப்பதில்லை? அந்தக் கை, அந்த அறை, அந்தக் கரகரப்பு வராது. அமெரிக்காவின் தி வின்ஸ்டன்ஸ் குழு 1969இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ பாட்டின் நடுவே மற்றதெல்லாம் நின்று கிரெகரி கோல்மனின் டிரம்ஸ் மட்டும் சுமார் 7 விநாடி ஒலிக்கும். தனியாகக் கேட்பதால் வெட்டுவது சுலபம், ஹிப்ஹாப் முதல் ஜங்கிள் என்ற வேகமான நடன இசை வரை ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அதுதான் ஓடுகிறது. (வாசித்தவருக்கு ராயல்டி கிடைக்கவில்லை, கொடுமை.)

அப்புறம், சில விநாடிக்கு அனுமதி தேவையில்லை என்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு கிடையாது, பொதுவாகப் பதிவுக்கும் மெட்டுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்க வேண்டும்.