வெள்ளம் ஏறும் தாமானில் வீடு: பேங்க் போட்டுத் தரும் காப்புறுதி போதுமா?

கேள்வி: பட்டர்வொர்த் பக்கம், வெள்ளம் ஏறும் தாமானில் தரை வீடு வாங்குகிறோம். லோனோடு பேங்க்கே காப்புறுதி போட்டுத் தருகிறது. அது போதாதா?

பதில்: போதாது. இதோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் "பேங்க்கே போட்டுத் தருகிறது" என்று படித்ததும் பழைய கோபம் கிளம்பிவிட்டது. நான் ஏஜென்ட் இல்லை, என் சொந்தத்திலும் யாரும் இல்லை. கமிஷனுக்கு எழுதுகிறாள் என்று யாரும் வர வேண்டாம்.

உங்களிடமும் எம்ஆர்டிஏ காகிதத்தை நீட்டியிருப்பார்கள். கடன் வாங்கியவர் இறந்துபோனாலோ நிரந்தரமாக முடங்கிப்போனாலோ மிச்சக் கடனை அடைக்கத்தான் அது. ஹாலில் தண்ணீர் நின்றால் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்கென்று போடுவது வெறும் தீ காப்புறுதி என்றால் தீ, மின்னல், சமையல் கேஸ் வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளத்தையும் புயலையும் கூடுதல் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 'ஹவுஸ்ஓனர்' பாலிசியில் இரண்டும் பட்டியலிலேயே இருக்கும், ஆனால் கட்டடத்துக்கு மட்டும். சோபா, பிரிட்ஜுக்கெல்லாம் 'ஹவுஸ்ஹோல்டர்' தனி.

புக்கிட் மெர்தாஜாமில் நாங்கள் வீடு வாங்கியபோது பேங்க் ஆள் நீட்டியது தீ பாலிசி. வெள்ளம் உண்டா என்று கேட்டேன். "எல்லாம் கவர் ஆகும்க்கா" என்றார். எந்தப் பக்கத்தில் என்றேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பினாங்குல எங்கக்கா புயல்? இது என்ன பிலிப்பைன்ஸா?" என்று சிரித்தார். லோன் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் என் வீட்டுக்காரர் மேசைக்கு அடியில் என் காலை மிதிக்கிறார். நான் விடவில்லை. ஹவுஸ்ஓனருக்கு மாற்றுங்கள், ஹவுஸ்ஹோல்டரும் சேருங்கள், மாற்றியதை எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

2017 நவம்பர் 4 பினாங்கில் யாருக்கும் மறக்காது. ராத்திரி முழுக்க மழையும் காற்றும். விடியும்போது முட்டிக்கு மேல் தண்ணீர், சமையலறை கேபினெட் ஊறி உப்பிக் கிடந்தது. வடிந்ததும் எல்லாரும் துடைப்பத்தை எடுத்தார்கள், நான் போனை எடுத்தேன். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, மெத்தை, பிரிட்ஜின் பின்பக்கம், ஒன்று விடாமல் படம். சேதத்தைக் கணக்கிட வரும் அட்ஜஸ்டர் வந்து பார்க்கும்வரை எதையும் வீசவில்லை. நாற்றம் தாங்கவில்லை என்று பக்கத்து வீட்டில் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். எங்கள் பாலிசியில் முதல் 200 ரிங்கிட் அல்லது காப்புறுதித் தொகையில் 1 சதவீதம், எது குறைவோ அது நம் பொறுப்பு. 200 ரிங்கிட் கழித்துக்கொண்டார்கள். பழைய சாமான் என்று தேய்மானமும் போட்டார்கள். அது நியாயமா என்று தனியாகச் சண்டை போடலாம். ஆனாலும் பணம் வந்தது. எங்கள் வரிசையில் தீ பாலிசி மட்டும் வைத்திருந்தவர்களுக்குக் காப்புறுதியிலிருந்து ஒரு காசு வரவில்லை. 2019 ஆகஸ்டில் லெக்கிமா சூறாவளியின் வால் காற்று செபராங் பிறையில் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனபோது அந்தச் சிரித்த ஆளைத்தான் நினைத்தேன். என் வீட்டுக்காரரோ இப்போது கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் "நான்தான் பிடிவாதமாக மாற்றச் சொன்னேன்" என்கிறார்.

தொகை போடும்போது வாங்கிய விலையை எழுதாதீர்கள். நிலத்தை வெள்ளம் கொண்டுபோகாது. திரும்பக் கட்ட என்ன ஆகும் என்பதுதான் கணக்கு, ரெனோவேஷனையும் சேர்த்து. குறைத்துப் போட்டால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். கொண்டோ என்றால் கட்டடத்துக்கு நிர்வாகமே எடுத்திருக்கும், உங்கள் சாமானுக்குத் தனியாகப் பாருங்கள்.

ரெனோவேஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பின்வீட்டுக்காரர் சந்துக் கால்வாய்மேல் சமையலறையை இழுத்துக் கட்டி, மேலே சிமெண்டும் பூசிவிட்டார். அரை மணி நேர மழைக்கே எங்கள் குளியலறைக் குழி வழியாகத் தண்ணீர் மேலே வருகிறது. எத்தனை புகார் கொடுத்தும் வந்து படம் எடுத்துக்கொண்டு போவதோடு சரி. தீபாவளிக்கு முறுக்கு மட்டும் தவறாமல் அனுப்புகிறார் அந்த மனுஷன். நீங்கள் வாங்கும் வீட்டின் பின்சந்தையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.