"ஒரு வாய் சோறு போடலடி"

கேள்வி: நான் திருச்சியில் இருக்கிறேன். 72 வயது அம்மா மதுரையில் தம்பி வீட்டில். தம்பி மனைவிக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. பொங்கலுக்குப் போனபோது "வாங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள்தான், கிளம்பும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை. வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டும் பதில் போடமாட்டாள். எப்போது போன் செய்தாலும் அம்மா, "காலையிலேருந்து ஒரு வாய் சோறு போடலடி" என்று அழுகிறார். சுருக்குப்பையில் இருந்த பணத்தையும் அவள்தான் எடுத்தாளாம். தம்பியைக் கேட்டால், "நீ வந்து நாலு நாள் இருந்து பாரு" என்று எகிறுகிறான். எல்லாம் அவள் ஓதிக் கொடுத்தது. அம்மாவுக்கும் வயசாகிவிட்டது, என் மகன் என்ன படிக்கிறான் என்று ஒரே போனில் நாலு தடவை கேட்பார், அது இருக்கட்டும். பெற்றவளைப் பட்டினி போடுகிறவளை எப்படிச் சும்மா விடுவது? நல்ல நாளும் அதுவுமாகப் பேசாதவள்!

பதில்: அன்புச் சகோதரிக்கு, "அது இருக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தில்தான் நான் நின்றுவிட்டேன்.

மறதிநோய் தொடங்கும்போது, சாப்பிட்டுக் கை கழுவிய கொஞ்ச நேரத்திலேயே "எனக்குச் சோறே தரல" என்பதும், தானே எங்கோ வைத்த பணத்தை யாரோ திருடிவிட்டதாகச் சொல்வதும் உண்டு. பழி பெரும்பாலும் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர் மேல்தான் விழும். அம்மா பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை, அவருக்கு அது நிஜம்.

ஒரு கடிதத்தை வைத்து நோய் இதுதான் என்று நான் சொல்ல முடியாது. கவனிப்பில் குறையும் இருக்கலாம். ஆனால் நீங்கள் விசாரிக்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அதன்பிறகு தம்பி மனைவி பேசாததும் குற்றம், தம்பியின் கோபமும் அவர் ஓதியது. பகலெல்லாம் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லி, திருடி என்ற பேரும் வாங்கியவர், அதை நம்பும் நாத்தனாரிடம் என்னதான் பேசுவார்? என் மனம் அவர் பக்கம்தான் சாய்கிறது.

தம்பி சொன்னது உங்களுக்குச் சவாலாகக் கேட்டிருக்கிறது. எனக்கு அது உதவி கேட்கிற குரல். போய் நாலு நாள் இருங்கள். நரம்பியல் மருத்துவரிடம் அம்மாவைக் கூட்டிப் போங்கள். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு போன்றவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து இருக்கிறது. அங்கே உங்கள் கையால் இட்லி சாப்பிட்ட அம்மா, "இவ எனக்கு ஒண்ணுமே தரல" என்று உங்களையே சொல்லக்கூடும். வாதாட வேண்டாம். "இதோ தர்றேம்மா" என்று கொஞ்சம் ஏதாவது கொடுங்கள்.