மிருதங்கத்தின் அடி கேட்க வேண்டும், நாதமும் தேயக் கூடாது

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஃப்ளாட் வீடு. என் மகன் ஹாலில் உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்க, வலந்தலைக்கு (வலது முகம்) ஒன்று, தொப்பிக்கு (இடது முகம்) ஒன்று என்று இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்கிறோம். அடி மழுங்கிக் கேட்கிறது, அறை எதிரொலி நீளுகிறது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கிற கம்ப்ரஸர் போட்டால் எதிரொலி இன்னும் கூடுகிறது. அடியின் தொடக்கத்தையும் வாலையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிற ட்ரான்ஸியண்ட் ஷேப்பர் உதவுமா?

பதில்: அடிக்கு நன்றாகவே உதவும். எதிரொலிக்கு அவ்வளவாக இல்லை.

கம்ப்ரஸர், த்ரெஷோல்டை (நாம் குறித்து வைத்த சத்த அளவை) தாண்டுகிற அடியை அமுக்குகிறது. குறைந்த சத்தத்தை ஈடுகட்ட நீங்கள் மொத்தமாக ஏற்றும்போது பின்னால் பதுங்கியிருந்த எதிரொலியும் மேலே வருகிறது. கம்ப்ரஸரின் அட்டாக் நேரம் (அமுக்கத் தொடங்க அது எடுக்கும் நேரம்) 1, 2 மில்லிசெகண்டில் இருந்தால் அடியின் முனையே போய்விடும். 20, 30-க்குத் தள்ளிப் பாருங்கள்.

ட்ரான்ஸியண்ட் ஷேப்பரின் வழி வேறு. ஜெர்மனியின் எஸ்பிஎல் நிறுவனம் 1998-ல் கொண்டுவந்த ட்ரான்ஸியண்ட் டிசைனர்தான் இவ்வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒவ்வொரு சேனலுக்கும் இரண்டே குமிழ்: அடியின் தொடக்கத்துக்கு அட்டாக், அதன் பின் நீளும் வாலுக்கு சஸ்டெய்ன். த்ரெஷோல்ட் கிடையாது. ஒலியின் ஏற்ற இறக்கத்தை வேகமாக ஒரு முறையும் மெதுவாக ஒரு முறையும் அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து அடி தொடங்கும் இடத்தைப் பிடிக்கிறது. அதனால் மெல்லிய ‘த கி ட’வுக்கும் ஓங்கி விழும் அடிக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும்.

சிக்கல் சஸ்டெய்ன் குமிழில்தான். எது வாத்தியத்தின் கார்வை, எது உங்கள் சுவரில் மோதித் திரும்பியது என்று அதற்குத் தெரியாது. வாலை மொத்தமாக வெட்டும். வலந்தலையில் நாதம் நிற்க அடிக்கிற சாப்பு விழுந்த பிறகு நிற்கிற நாதத்தில்தான் சுருதியே இருக்கிறது. தொப்பியில் மணிக்கட்டை அழுத்தித் தேய்க்கிற குமுக்கியோ முழுக்க வாலில் நடக்கிற சமாச்சாரம். சஸ்டெய்னை 8, 10 டெசிபல் குறைத்தால் மேஜையைத் தட்டிய மாதிரி ஆகிவிடும்.

வலந்தலை ட்ராக்கில் அட்டாக்கை 3 முதல் 5 டெசிபல் கூட்டுங்கள், சஸ்டெய்னை 2 டெசிபல் குறையுங்கள். தொப்பியில் சஸ்டெய்னைத் தொடவே வேண்டாம். அப்புறம் தம்புராவை ஓடவிட்டுக் கேளுங்கள். சாப்பு சுருதியோடு ஒட்டவில்லை என்றால் அதிகமாக வெட்டிவிட்டீர்கள். ஷேப்பரை கம்ப்ரஸருக்கு முன்னால் போடுங்கள். அட்டாக் கூடினால் உச்சமும் கூடும் என்பதால் ட்ராக்கில் உச்சத்துக்கு மேலே 6 டெசிபலாவது இடம் விடுங்கள். ஷேப்பர் போட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள், இல்லாவிட்டால் எது உரக்கக் கேட்கிறதோ அதுதான் நல்லது என்று காது சொல்லிவிடும்.

தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. பதிவு மென்பொருள்களில் லாஜிக்கில் என்வலப்பர், க்யூபேஸில் என்வலப் ஷேப்பர் என்று இதே வேலைக்கானவை கூடவே வருகின்றன.

எதிரொலிக்கு மருந்து ஹாலில்தான். டைல்ஸ் தரையில் கனமான ஜமக்காளம் விரியுங்கள், வெறும் சுவர் பக்கம் ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள், மைக்கை முன்பைவிடக் கிட்டே நகர்த்துங்கள். இதைச் செய்து எடுத்த பதிவில் சஸ்டெய்ன் குமிழுக்கு வேலையே இல்லாமல் போகலாம்.