எலியட் ஸ்மித் யாரு, எந்த ஆல்பத்துல இருந்து கேக்க ஆரம்பிக்கலாம்?

தானே பாட்டெழுதிப் பாடின அமெரிக்கப் பாடகர் இவரு. 1969-ல நெப்ராஸ்கா மாநிலம் ஒமாஹாவுல பொறந்து, டெக்சாஸ்ல வளந்து, டீனேஜ்ல ஒரேகான் மாநிலத்து போர்ட்லாண்டுக்கு வந்தவரு. அங்க ஹீட்மைசர்ங்கிற சத்தமான ராக் பேண்ட்ல இருந்துகிட்டே, ஒரு வீட்டு பேஸ்மென்ட்ல ஃபோர் டிராக் ரெக்கார்டர் (நாலு ஒலித்தடத்தைத் தனித்தனியா பதிவு பண்ணிச் சேக்குற மெஷின்) வெச்சு தனியா பதிவு பண்ணதுதான் 1994-ல ரோமன் கேண்டில் ஆல்பமா வந்துச்சு. அவர் குரல கொஞ்சம் உன்னிப்பா கேளுங்க, ஒரே வரிய ரெண்டு தடவ பாடி ஒண்ணு மேல ஒண்ணு சேத்திருப்பாரு, அதனாலதான் காதோரம் முணுமுணுக்கிற மாதிரியே இருந்தாலும் குரல் மெலிஞ்சு போகாம நெறைவா கேக்கும், எனக்கு அவர்கிட்ட ரொம்பப் புடிச்சதே இதுதான். குட் வில் ஹண்டிங் படத்துல வந்த மிஸ் மிசரி பாட்டு ஆஸ்கர் நாமினேஷன் வாங்குச்சு, 1998 விழாவுல வெள்ளை சூட்டோட மேடையேறிப் பாடினாரு, விருது டைட்டானிக் பாட்டுக்குப் போயிடுச்சு. அப்புறம் பெரிய ரெக்கார்டிங் கம்பெனி, பெரிய ஸ்டூடியோ, கூடவே போதைப் பழக்கமும் மன அழுத்தமும். 2003 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலஸ்ல 34 வயசுலயே இறந்துட்டாரு. புதுசா கேக்குறவங்க 1997-ல வந்த ஈதர் ஆர் ஆல்பத்துல ஆரம்பிங்க, அப்புறம் எக்ஸ்ஓ.