எதிர்க்கடையில் 10 ரூபாய் டீ: நானும் விலையைக் குறைக்கட்டுமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நிறைந்த ஒரு தெருவில், அப்பா தொடங்கிய டீக்கடையை நடத்திவருகிறேன். டீ 15 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ் சேர்த்து ஒரு டீக்கு 9 ரூபாய் செலவாகிறது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் கடை எதிரிலேயே வந்துவிட்டது. உள்ளூர்க்காரர் ஒருவர் ஃபிரான்சைஸ் எடுத்திருக்கிறார். அங்கே டீ 10 ரூபாய். கடைக்கு வந்து குடிக்கும் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பக்கம் போய்விட்டது. கம்பெனிகளுக்குப் போகும் பார்சல் மட்டும் குறையவில்லை. நாமும் 10 ரூபாய்க்கு இறங்கிவிடலாம் என்கிறார் மச்சான். எல்லோரும் ஒரே விலை என்று எழுதிக்கொள்வோம், அந்தக் கடைக்குப் பால் ஊற்றக் கூடாது என்று பால்காரர்களிடம் சொல்லிவிடுவோம் என்கிறார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். என்ன செய்யட்டும்?

பதில்: இறங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் கணக்கே போதும். 15 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 6 ரூபாய். 10 ரூபாய்க்கு விற்றால் 1 ரூபாய். 300 டீயில் கிடைத்த பணம் மறுபடி கிடைக்க 1,800 டீ ஆற்ற வேண்டும். எந்த மாஸ்டரின் தோள் அதைத் தாங்கும்? பாதிப் பேர் போய்விட்டால்கூடப் பழைய விலையில் நிற்கும்போது மிஞ்சுவது, எல்லோரையும் பிடித்துவைத்து 10 ரூபாய்க்கு ஊற்றுவதில் மிஞ்சுவதைப்போல் மூன்று மடங்கு. இதில் வாடகையும் கூலியும் இன்னும் கழிக்கப்படவில்லை.

மலிவு விலைக் கடை புது ஊருக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை அயர்லாந்துக்காரர்கள் பப், அதாவது உட்கார்ந்து மது குடிக்கும் கடை, விஷயத்தில் பார்த்திருக்கிறார்கள். வெதர்ஸ்பூன் என்பது 1979-ல் டிம் மார்ட்டின் வடக்கு லண்டனில் தொடங்கிய நிறுவனம். பழைய தியேட்டர்களையும் வங்கிக் கட்டடங்களையும் பெரிய பப்களாக மாற்றி, காலையிலிருந்தே சாப்பாடும் போட்டு, குறைந்த விலைக்கு விற்று வளர்ந்தது. 2014 ஜூலையில் அயர்லாந்துத் தலைநகர் டப்ளினை ஒட்டிய பிளாக்ராக்கில் கடை திறந்தபோது அங்கே கின்னஸ் என்ற கருப்பு பீர் கிடையாது. கொள்முதல் விலை ஒத்துவரவில்லை. கின்னஸ் பிறந்த ஊரில் கின்னஸ் இல்லாமல் ஒரு பப்! அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைனெகன் என்ற பீர் நிறுவனத்துடனும் தகராறு வந்து, அந்த நிறுவனத்தின் சரக்கை விற்பதையே நிறுத்திவிட்டார்கள். மலிவு விலையின் சூட்சுமம் கொள்முதலில் இருக்கிறது. மொத்தமாக வாங்குகிறவர் சரக்குக் கொடுப்பவரை நெருக்குவார். கொடுப்பவர் ஒருநாள் முறைத்துக்கொள்வார்.

குடும்பங்கள் நடத்தும் பப்கள் அங்கே இன்றும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மூடப்பட்டவையும் நிறைய உண்டு. ஆனால் அந்தச் சரிவு 2014-க்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதற்கு எதிரான சட்டம் கடுமையானது, சூப்பர் மார்க்கெட்டில் பீர் மலிவாகக் கிடைத்தது, ஜனங்கள் வீட்டிலேயே குடிக்கப் பழகினார்கள். பப்களைச் சாய்த்தது எதிரில் வந்த மலிவுக் கடை அல்ல, வாடிக்கையாளரின் பழக்கம் மாறியதுதான்.

அதனால்தான், பார்சல் குறையவில்லை என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரியை நான் இரண்டு முறை படித்தேன். உங்கள் கடையின் உயிர் அங்கே இருக்கிறது. காலை 11 மணிக்கும் மாலை 4 மணிக்கும் கேன் கம்பெனிக்குள் போகிறது. கட்டிங் மாஸ்டருக்குச் சர்க்கரை கூடாது, செக்கிங் பெண்களுக்கு டீயோடு தேங்காய் பன் வேண்டும் என்பது கேன் தூக்கும் பையனுக்கு மனப்பாடம். காசு நோட்டில் பற்றாக ஏறி, சனிக்கிழமை கூலி போட்ட பிறகு கைக்கு வருகிறது. பில் போட்டால்தான் டீ என்கிற கடையால் இந்த வாரப் பற்றைக் கொடுக்க முடியாது. 4 மணி டீ 4.10-க்கு வந்தால் ஓவர்லாக் டைலர்கள் மிஷினை விட்டு எழுந்து வெளியே நடப்பார்கள்; எதிரில் 10 ரூபாய் போர்டு தெரியும். நேரம் தவறாமல் பார்த்துக்கொள்ள இன்னொரு பையனை வைத்தால்கூட நஷ்டமில்லை.

பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்வதில் கையெழுத்துப் போடாதீர்கள். 2002-ஆம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் பிரிவு 3, போட்டியாளர்கள் கூடி விலை நிர்ணயிப்பதைத் தடுக்கிறது. கூட்டாகச் சேர்ந்து ஒருவருக்குச் சரக்கு கிடைக்காமல் செய்தாலும் வம்பு உங்கள் மீதுதான் திரும்பும். அடக்கவிலைக்கும் கீழே விற்று அடுத்தவரை ஒழிப்பதைப் பிரிவு 4 தடுக்கிறது என்றாலும், அது சந்தையில் ஆதிக்கம் உள்ளவருக்குத்தான் பொருந்தும். தெருவில் ஒரு ஃபிரான்சைஸ் கடையை அப்படிச் சொல்ல முடியாது. வக்கீல் செலவு வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், எதிரில் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் உங்கள் ஊர்க்காரர், தன் சேமிப்பைப் போட்டவர். அவருக்குப் பாலை நிறுத்துவது எனக்குச் சம்மதமில்லை.

அதைவிட உங்கள் பால்காரருக்கு வாராவாரம் பாக்கி வைக்காமல் கொடுங்கள். பெரிய கொள்முதல்காரர் வந்து கேட்டாலும் காலைப் பால் உங்களுக்கு முதலில் வரவேண்டும். மாஸ்டருக்குச் சம்பளத்தை இப்போதே உயர்த்துங்கள். எதிர்க்கடை அவரைக் கூப்பிட்ட பிறகு உயர்த்தினால் அது பேரம் ஆகிவிடும். நீங்கள் இழக்கக் கூடாத மனிதர் அவர். 10 ரூபாய்க்கும் ஏதாவது வேண்டும் என்று மச்சான் பிடிவாதம் பிடித்தால், சின்ன டம்ளரில் கொடுங்கள். அளவு குறைவு என்பதைப் போர்டிலேயே எழுதிவிடுங்கள். பாலில் தண்ணீரைக் கூட்டி 10 ரூபாய் ஆக்கினால் கம்பெனிக்காரர்கள் முதல் வாயிலேயே கண்டுபிடிப்பார்கள்.

இந்தச் சனிக்கிழமை பற்று வசூலுக்கு மச்சானையும் அழைத்துப் போங்கள். பார்சலில் வாரத்துக்கு எவ்வளவு வருகிறது, கல்லாவில் எவ்வளவு வருகிறது என்று தனித்தனியாக எழுதுங்கள். நான்கு வாரம் எழுதியும் பார்சல் பக்கம் குறையாவிட்டால் விலையைத் தொடாதீர்கள். குறைந்தால், எந்தக் கம்பெனியில், எந்த நேர டீயில் குறைந்தது என்று எனக்கு எழுதுங்கள்.