பின் கிரவுனை மாற்றியதிலிருந்து ஃபோர்-வீலில் வண்டி இறுகுகிறது

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் தோட்டங்களிலிருந்து மலைவாழை, மிளகு ஏற்றி ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கொண்டுவருகிறேன். ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப், நானே ஓட்டுகிறேன். பின் கிரவுன்-பினியன் (பின் அச்சில் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கர ஜோடி) போனதால் ஒரு கடையில் மாற்றினேன். அதிலிருந்து மண் மேட்டில் ஃபோர்-வீல் போட்டால் வண்டி முட்டி முட்டிப் போகிறது, லீவரைத் திரும்ப எடுக்க வருவதில்லை. ‘முன்பக்க செட்டையும் மாற்றிவிடலாம்’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா? நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முன்பக்கத்தில் கைவைக்க விடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், பின்னால் வேறு ரேஷியோ (கிரவுன் பல்லைப் பினியன் பல்லால் வகுத்த கணக்கு) செட்டைப் போட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. கிரவுனில் 41 பல், பினியனில் 10 பல் இருந்தால் ரேஷியோ 4.10. பினியனில் 9 பல் என்றால் 4.56. முன்னும் பின்னும் ஒரே கணக்கில் சுற்றாவிட்டால் முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவில் மாட்டிக்கொண்டு இறுகும், கடைசியில் அதுவும் போய்விடும். சரியாகும்வரை ஃபோர்-வீல் போடவே வேண்டாம். (தார் ரோட்டில் ஃபோர்-வீல் போட்டுத் திருப்பினால் நல்ல வண்டியும் இறுகும், அதைக் குறையாக எடுக்காதீர்கள்.)

வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதளத்தில் மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, டூ-வீலில் கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு வையுங்கள். ஹேண்ட் பிரேக் விட்டிருக்க வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டில் (வண்டிக்கு அடியில் அச்சுக்குப் போகும் நீளத் தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் நாலுக்குக் கொஞ்சம் மேல் சுற்றினால் 4.10, நாலரை தாண்டினால் 4.56. முன்பக்கமும் இப்படியே, ஹப் லாக் (முன் சக்கரத்தை அச்சோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் தப்பு கடையினுடையது. பின்பக்கத்தில் கம்பெனி ரேஷியோ செட்டை அவர்கள் செலவில் போட்டுத் தர வேண்டும்.

கடையைப் பற்றி. எங்கள் வீட்டு வண்டிக்கு ஒருமுறை காலையில் கழற்றி மதியமே சாவி கொடுத்தார்கள். 200 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ஊளைச் சத்தம். பிறகு பார்த்த மெக்கானிக் பல்லில் நீல பேஸ்ட் தடவி, கையால் சுற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். நீலம் பல்லின் நுனியில் பதிந்திருந்தது. கழற்றி ஒரு சிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) மாற்றினார், மறுபடி கழற்றினார். மூன்றாவது தடவை பல்லின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு அழகாகப் பதிந்தது. அதற்குப் பிறகுதான் ஹவுசிங்கை மூடினார்.

ஆகவே கடைக்குள் போனதும் ரேட் கேட்காதீர்கள். ‘பேக்லாஷ் எதில் பார்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பேக்லாஷ் என்றால் இரண்டின் பற்களுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி. அதை அளக்கும் முள் கருவியான டயல் கேஜை எடுத்துக் காட்டினால் உட்காருங்கள். கையால் ஆட்டிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்றால் அடுத்த கடை. கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வர வேண்டும், பொருத்த எண் இரண்டிலும் இருக்கும். பேரிங், சீல் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை பல் என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் உங்களுக்கு இந்த அலைச்சல் வந்திருக்காது.

புது செட் போட்டதும் முதல் ஓட்டம் 25 கிலோமீட்டரோடு நிறுத்தி ஆறவிடுங்கள். 800 கிலோமீட்டர்வரை பாரம் வேண்டாம், அதன் பிறகு ஆயிலை மாற்றுங்கள். சந்தை வருமானத்தில் இது இடிக்கும் என்று தெரியும். ஆனாலும் பல் கருகினால் மறுபடி முழுச் செலவு.

கடைக்காரர் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். பிழைப்புக்காக நீங்களே ஓட்டும் வண்டி என்பதால், சட்டப்படி நீங்கள் நுகர்வோர்தான். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன், சாக்பீஸ் கோடு சுற்றுவதைச் செல்போனில் வீடியோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.