கப்பல் துறைமுகத்தில் நிற்கும் சில மணி நேரத்தில் எந்தக் கரைச் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் கப்பல் ஒவ்வொரு துறைமுகத்திலும் எட்டு முதல் பத்து மணி நேரம் நிற்கும் என்றும், கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்குவதா, வெளியாரிடம் ஏற்பாடு செய்வதா, தனியாகவே சுற்றுவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயணம் முழுவதற்கும் ஒரே முடிவை எடுத்துவிடாதீர்கள். துறைமுகத்துக்குத் துறைமுகம் விடை மாறும். கப்பல் நிறுவனம் அனுப்பும் சுற்றுலாப் பட்டியலைப் பிரிப்பதற்கு முன் வரைபடத்தை எடுங்கள். கப்பல் நிற்கும் இடத்துக்கும் நீங்கள் பார்க்க ஆசைப்படும் இடத்துக்கும் எவ்வளவு தூரம்? நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பயண அட்டவணையில் 'ரோம்' என்று இருக்கும். கப்பல் நிற்பதோ சிவிடவெக்கியாவில். அங்கிருந்து ரோம் சுமார் 80 கிலோமீட்டர். 'ஃபுளோரன்ஸ்' என்றால் லிவோர்னோ, ஏறத்தாழ 90 கிலோமீட்டர். 'பாரிஸ்' என்றால் லெ ஆவ்ர், 200 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். 'பெர்லின்' என்று போட்டு வார்னமுண்டேயில் இறக்குவார்கள்; போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். 'பாங்காக்' என்பது பெரும்பாலும் லேம் சபாங்தான். அதுவும் 100 கிலோமீட்டருக்கு மேல். இதற்கு நேர்மாறான ஊர்களும் உண்டு. மாண்டினீக்ரோவின் கோட்டோரில் கப்பல் துறையில் கட்டப்பட்டால், சாலையைக் கடந்தவுடன் பழைய நகரத்தின் மதில். மால்டாவின் வல்லெட்டாவில் துறைமுகத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் 58 மீட்டர் உயர மின்தூக்கி உங்களை மேலே உள்ள பூங்காவில் கொண்டுபோய் விட்டுவிடும். அலாஸ்காவின் ஸ்காக்வேயில், தங்க வேட்டைக் காலத்தில் 1898-ல் போடத் தொடங்கிய குறுகிய பாதை ரயில் கப்பல் துறைக்கே வந்து ஏற்றிக்கொள்கிறது.

அடுத்தது நேரக் கணக்கு. காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குப் புறப்படும் கப்பல் உங்களுக்குப் பத்து மணி நேரத்தைத் தருவதில்லை. துறைமுக அதிகாரிகள் அனுமதி தந்து, ஏணிப்பாதை திறந்து, முன்னால் நிற்கும் கூட்டம் இறங்கி முடிய முக்கால் மணி நேரமாவது போகும். எல்லோரும் கப்பலுக்குத் திரும்பியிருக்க வேண்டிய நேரம், புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக இருக்கும். அதற்கும் முன்னால் ஒரு மணி நேரத்தை நீங்களே கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். பத்து, ஏழரை ஆகிவிட்டது. ரோம் போக வர மூன்று மணி நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது நாலரை. அந்த நாலரை மணி நேரத்தில் கொலோசியத்தையும் வத்திக்கான் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக் காட்டுவதாக யாராவது சொன்னால், இரண்டையும் நீங்கள் பார்க்கப்போவதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மனமாரப் பாருங்கள்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் ஒரு காரணத்துக்காகத்தான். அவர்கள் பஸ் நெரிசலில் சிக்கினால் கப்பல் காத்திருக்கும்; காத்திருக்க முடியாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குக் கொண்டுசேர்ப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நாமாகப் போய்த் தாமதித்தால் கப்பல் போய்விடும். விமானமோ ரயிலோ, அடுத்த துறைமுகம் வரை நம் செலவு, நம் அலைச்சல். ஆகவே பெர்லின், பாரிஸ் போன்ற தொலைதூரத்துக்குக் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவையே எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ரோம் நடுத்தரம். சிவிடவெக்கியாவிலிருந்து ரயில்கள் அடிக்கடி இருக்கின்றன. பழகியவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் எந்த ரயிலில் திரும்ப வேண்டுமோ அதற்கு முந்தைய ரயிலைப் பிடிப்பதாகத் திட்டமிட வேண்டும்.

கோட்டோர் போன்ற ஊரில் இதே பாதுகாப்புக்குப் பணம் கொடுப்பது வீண். காலையில் கப்பலின் அரங்கத்தில் கூடி, சட்டையில் எண் வில்லையை ஒட்டிக்கொண்டு, நாற்பது பேராக வரிசையில் இறங்கி, வழிகாட்டி தூக்கிப் பிடித்த பலகையின் பின்னால் நடந்து, யாரோ ஒருவர் கழிவறைக்குப் போனதால் மற்ற எல்லோரும் நின்று... அதற்குள் தனியாக இறங்கியவர் மலை மீதுள்ள கோட்டைக்குப் போகும் 1,350 படிகளில் பாதியை ஏறியிருப்பார். வெயில் ஏறுவதற்கு முன் அங்கிருந்து விரிகுடாவைப் பார்ப்பதுதான் அந்த ஊரில் கிடைக்கும் பெரிய பரிசு. வரலாறு விரிவாகத் தெரிய வேண்டும் என்றால் அந்த ஊர் வழிகாட்டி ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். நாற்பது பேரில் ஒருவராகக் கேட்பதைவிட நான்கு பேரில் ஒருவராகக் கேட்பது எவ்வளவோ மேல்.

கப்பல் கரையணையாமல் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும் துறைமுகங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிரேக்கத் தீவான சாண்டோரினி அப்படிப்பட்டது. கப்பல் சுற்றுலா எடுத்தவர்களுக்குப் படகில் முதலிடம். பெரும்பாலும் அவர்களை பஸ் வந்து நிற்கும் அதினியோஸ் துறையில் இறக்குவார்கள். மற்றவர்கள் செங்குத்துப் பாறையின் அடியில் உள்ள பழைய துறையில் இறங்கி, கேபிள் காரிலோ, ஏறக்குறைய 600 படிகளிலோ மேலே ஃபிரா நகருக்குப் போக வேண்டும். அந்தப் படிகளில்தான் கழுதைகளும் போகின்றன, சாணத்தால் வழுக்கும். முழங்கால் வலியுள்ள என் அம்மாவுடன் போனதால் நாங்கள் அங்கே கப்பல் சுற்றுலாவையே எடுத்தோம், ஏறும் கஷ்டம் தெரியவில்லை. ஆனால் அந்தச் சுற்றுலாக்கள் ஃபிராவில் முடிகின்றன. இறங்குவது நம் பொறுப்பு. மாலையில் எல்லாக் கப்பல்காரர்களும் ஒரே நேரத்தில் கேபிள் காருக்கு வருகிறார்கள். வரிசை நிலையத்தை விட்டு வெளியே வந்து கடைத்தெருவில் வளைந்து நின்றது. உட்கார இடமில்லை. அம்மா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். நாங்கள் சீக்கிரமே கிளம்பியிருந்ததால் பதற்றம் இல்லை. பின்னால் வந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதியவர்களுடன் போகிறவர்கள் ஏறுவதை மட்டும் விசாரித்தால் போதாது, இறங்குவதையும் விசாரிக்க வேண்டும்.

அதே நாளில் அந்தத் துறைமுகத்துக்கு வேறு எத்தனை கப்பல்கள் வருகின்றன என்பதையும் இணையத்தில் பார்த்துவிடலாம். நான்கு கப்பல்கள் என்றால் எல்லோரும் போகும் இடத்துக்கு முதல் ஆளாகப் போங்கள், இல்லையென்றால் அதை விட்டுவிட்டு வேறு திசையில் போங்கள்.

சுற்றுலா விவரத்தைப் படிக்கும்போது மொத்த நேரத்தில் பஸ்ஸில் எவ்வளவு, தரையில் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். நுழைவுச் சீட்டு சேர்ந்திருக்கிறதா, அல்லது வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்புவதா? நினைவுப்பொருள் கடையில் நாற்பது நிமிடம் நிறுத்துவதும் நிகழ்ச்சிநிரலில் ஒளிந்திருக்கும்.

வெளியாரிடம் எடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: காற்றாலோ அலையாலோ கப்பல் அந்தத் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் பணம் திரும்ப வருமா? கப்பல் சுற்றுலாவில் அது தானாகவே திரும்பிவிடும். நல்ல உள்ளூர் நிறுவனங்களும் தருகின்றன. எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது கடிகாரத்தைப் பற்றி. கப்பல் தன் நேரத்தைக் கரையின் நேரத்துக்கு மாற்றாமலும் இருக்கலாம். மெக்சிகோவின் கோசுமெல் இருக்கும் மாநிலம் 2015-லிருந்து கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. கோடையில் புளோரிடாவிலிருந்து அங்கே வரும் கப்பல் புளோரிடா நேரத்திலேயே இருந்தால், கரையில் மூன்று மணி, கப்பலில் நான்கு. உங்கள் கைப்பேசி தானாகவே மூன்றைக் காட்டும். கப்பல் நேரத்தைக் காட்டும் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கப்பலில் தினமும் தரும் நிகழ்ச்சித் தாளில் துறைமுக முகவரின், அதாவது அந்த ஊரில் கப்பல் நிறுவனத்தின் சார்பில் வேலை பார்ப்பவரின், தொலைபேசி எண் இருக்கும். அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கப்பலைத் தவறவிட்டால் முதலில் கூப்பிட வேண்டியது அவரைத்தான். பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றும் பையில் இருக்கட்டும்.

முன்பதிவைப் பொறுத்தவரை, தொலைதூர ஊர்களுக்கும் அலாஸ்காவின் ஜூனோவில் பனிப்பாறை மீது ஹெலிகாப்டரில் இறங்குவது போன்ற குறைந்த இடங்களே உள்ளவற்றுக்கும் முதலில் இடம் பிடியுங்கள். கப்பல் சுற்றுலாக்களில் பலவற்றைக் குறிப்பிட்ட நாளுக்கு முன்வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம். அந்தக் கடைசி நாளைக் குறித்துக்கொண்டால் போதும். நடந்தே பார்க்கக்கூடிய ஊர்களை அப்படியே விட்டுவையுங்கள். அன்று காலை வானத்தையும் உடன் வருபவர்களின் உடல்நிலையையும் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.